படுத்துக் கிடந்த ஊசி

சண்பகவல்லி டீச்சருக்கு ஒரே ஒரு சீடர். குருவைவிட வயதில் மூத்தவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் மேற்பார்வையாளர், பெயர் சூசைமாணிக்கம். பகலெல்லாம் ஆட்களை அதட்டுகிற மனிதர், டீச்சர் முன்னால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்தும் டீச்சர்தான் அவருக்கு, வீட்டிலிருந்தபடியே தூரத்து ஆட்களோடு பேசும் ஹாம் ரேடியோவைக் கற்றுக்கொடுத்து, பரீட்சை எழுத வைத்து, உரிமமும் வாங்க வைத்தவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அவர் டீச்சர் வீட்டுக்கு வந்தார். கையில் கனத்த இரும்புப் பெட்டி. ரேடியோவின் சக்தியைக் கூட்ட அவரே செய்த ஆம்ப்ளிஃபயர்.

"இதுக்கு என்ன சீக்குன்னு பாத்துச் சொல்லுங்க டீச்சர். நான் பேசுறது ஒருத்தனுக்கும் எட்டல."

வால்வை மாற்றியாயிற்று. கண்டென்சர்களை மாற்றியாயிற்று. சால்டர் வைத்த இடத்திலெல்லாம் மறுபடி சால்டர் வைத்தாயிற்று. பாவம், அந்தப் பெட்டியில் அவர் கை படாத இடமே இல்லை.

ஒருத்தனுக்கும் என்று அவர் சொன்னது ஒருவனைத்தான் என்று டீச்சருக்குத் தெரியும். மகன் அமலன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். கைபேசி வராத காலம் அது. அவனும் உரிமம் வாங்கியவன் என்பதால் மாலையானால் அப்பாவும் மகனும் ரேடியோவில் பேசிக்கொள்வார்கள். இந்த முறை கப்பலேறும் முன் அவன், அப்பா பேசி முடித்த கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அப்பாவிடம் அவன் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எதிர்த்துப் பேசுவதாக இருந்தால் தன்னிடம் பேசவே வேண்டாம் என்று இவர் கத்தித் தீர்த்தார். அவன் கப்பலேறிய மறுநாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவன் குரல் வரவில்லை.

"கோளாறு மெஷின்லயா, அவன் மனசுலயா? அதை மட்டும் சொல்லுங்க," என்றார் சூசைமாணிக்கம். "மெஷின்லன்னா இன்னொரு வால்வு மாத்திருவேன்."

மனசில் என்றால் என்ன செய்வார் என்று அவர் சொல்லவில்லை.

டீச்சர் பெட்டியைத் திறக்கவில்லை. "மீட்டர் என்ன சொல்லுது?" என்று மட்டும் கேட்டார்.

வந்ததிலிருந்து வாடியிருந்த சூசைமாணிக்கத்தின் முகம் மலர்ந்தது. மீட்டர் என்பது ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் வைப்பது. நாம் அனுப்புகிற சக்தியில் போகாமல் திரும்பி வருவது எவ்வளவு என்று அதன் ஊசி காட்டும். ஊசி எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு நல்லது என்று ஹாம்கள் அதற்குப் படாத பாடு படுவார்கள்.

"எத்தனை வருசமா அந்த ஊசி கொஞ்சம் எழும்பி நின்னு என் உயிரை வாங்குச்சு. ஆன்டெனாக் கம்பியை இன்ச் இன்ச்சா நறுக்கிப் பாத்தேன். இப்ப வந்து பாருங்க, படுத்தது படுத்தபடி கிடக்கு. ஒரு பொட்டு திரும்பி வரல. காதுல இரைச்சல்கூடக் கிடையாது, அவ்வளவு சுத்தம்."

"எப்பலேருந்து?"

"இந்த மழையிலேருந்துதான்."

டீச்சர் செருப்பை மாட்டினார். பெட்டியையும் தூக்கிக்கொள்ளவா என்று இவர் கேட்டதற்கு, அது இங்கேயே கிடக்கட்டும் என்றார்.

சூசைமாணிக்கத்தின் வீட்டுக் கதவை அவர் மனைவி பிலோமினா திறந்தாள். டீச்சருக்குக் காபி போடச் சொன்னார். சரி என்றாள். சீனி குறைவாகப் போடச் சொன்னார். அதற்கும் சரி என்றாள். அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் இருந்ததில்லை. அதை அவர் வெளியில் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

ரேடியோ மாடி அறையில் இருந்தது. டீச்சர் அதைக் குறைந்த சக்தியில் வைத்து, மைக் பட்டனை அமுக்கச் சொன்னார். அமுக்கினார். ஊசி அசையவில்லை. நூற்றுக்கு நூறு வாங்கிய பேப்பரைக் காட்டும் பிள்ளையைப் போல டீச்சரைப் பார்த்தார்.

தான் வந்து சொல்லும்வரை பட்டனைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, டீச்சர் ஒரு ஸ்பேனருடன் மொட்டைமாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"இப்ப அமுக்குங்க அண்ணாச்சி."

அமுக்கினார். ஊசி படுத்தே கிடந்தது.

"நல்லாத்தானே இருக்கு டீச்சர்? மேல என்ன செஞ்சீங்க?"

"ஆன்டெனாவைக் கழட்டிட்டேன். கேபிள் முனை சும்மா தரையில கிடக்கு."

அவர் நம்பவில்லை. மொட்டைமாடிக்கு ஓடிப் போய்ப் பார்த்தார். ஆன்டெனாக் கம்பி ஒரு பக்கம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கேபிள் இன்னொரு பக்கம் கிடந்தது. கீழே வந்து மறுபடி அமுக்கினார். நல்ல கேபிளாக இருந்தால், ஒன்றோடும் சேராத முனையிலிருந்து போனதெல்லாம் திரும்பி வந்து ஊசி உச்சிக்கு எகிறியிருக்க வேண்டும். அதுவோ எல்லாம் சுகம் என்று படுத்திருந்தது.

"அப்ப நான் இத்தன நாளா பேசினதெல்லாம் எங்க போச்சு?"

டீச்சர் அவரை மறுபடி மேலே கூட்டிப்போய், கேபிளைக் கத்தியால் நறுக்கிச் சாய்த்துப் பிடித்தார். மழைத்தண்ணீர் சொட்டியது. உள்ளே செம்பு இழைகள் கறுத்துப் பாசி நிறத்தில் இருந்தன. மேல் இணைப்பில் சுற்றியிருந்த டேப் உப்புக்காற்றில் வெடித்து, வழியெல்லாம் ஈரம் இறங்கியிருந்தது. அனுப்பியதை ஆன்டெனாவுக்குப் போகுமுன் அந்தக் கேபிளே குடித்துவிட்டது. திரும்பி வர மிச்சம் எதுவும் இல்லை.

"வாறதும் இந்தக் கேபிள் வழியாத்தானே அண்ணாச்சி," என்றார் டீச்சர்.

சூசைமாணிக்கம் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அவன் கூப்பிட்டிருப்பானோ?"

"வீட்டுல புதுக் கேபிள் இருக்கா?" என்று கேட்டார் டீச்சர்.

இருந்தது. இருவருமாகப் பழையதை உருவிப் போட்டுப் புதியதை இழுத்தார்கள். மேல் இணைப்பில் டேப் சுற்றி, அதன்மேல் மெழுகும் உருக்கி விட்டார்கள். எல்லாம் முடிய மாலையாகிவிட்டது. ரேடியோவைப் போட்டதும் இரைச்சல் குபீரென்று கிளம்பியது. சுத்தமான காது என்று பெருமைப்பட்டவர் முகத்தைச் சுளித்தார். டீச்சர் குமிழை மெல்லத் திருகினார்.

இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல், ரேடியோவில் சூசைமாணிக்கத்தின் பெயரான அழைப்புக் குறியைச் சொல்லிக்கொண்டிருந்தது. அலுத்துப்போன குரல். பதில் வராது என்று தெரிந்தே கூப்பிடுகிற குரல்.

அவர் மைக்கை எடுத்தார். அழைப்புக் குறியெல்லாம் மறந்துவிட்டது.

"எய்யா, கேக்குதுய்யா."

அந்தப் பக்கம் மைக் பட்டன் அமுங்கும் சத்தம் கேட்டது.

"அப்பா? மழை ஆரம்பிச்சதுலேருந்து தினமும் கூப்பிடுதேன். கோவத்துல பதில் சொல்லலன்னு நெனச்சேன்."

அப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போனது. கேபிளில் தண்ணீர் என்றார். தண்ணீர் என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அப்பா, இன்னொண்ணு," என்றான் அமலன். "அந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம். அதுல மாற்றம் இல்ல."

பட்டன் மேல் இருந்த விரல் அமுங்காமல் நின்றது. பிறகு அமுங்கியது.

"சரி. ஊருக்கு வா. உக்காந்து பேசுவோம்."

அறை வாசலில் மாலைக் காபியோடு நின்ற பிலோமினா, "நீங்களே பேசிக்கிட்டு இருக்காதீங்க. புள்ள சாப்பிட்டானான்னு கேளுங்க," என்றாள். சூசைமாணிக்கம் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார். சாப்பிட்டுவிட்டானாம்.

பேச்சு முடிந்து மைக்கை வைத்தபோதுதான் அவருக்கு மீட்டர் ஞாபகம் வந்தது. பட்டனை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். ஊசி பழையபடி கொஞ்சம் எழும்பி நின்றது. கை தானாகக் கட்டிங் பிளேயரைத் தேடியது.

"திரும்பி வருதே டீச்சர். கம்பியை இன்னும் ஒரு இன்ச் நறுக்கிப் பாப்பமா?"

டீச்சர் காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த அளவு வரட்டும் அண்ணாச்சி. அந்த முனையில ஆன்டெனா இருக்குன்னு நமக்குத் தெரியணும்ல."