படத்தின் மேல் ஒரு சிவப்பு டிக்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்து நாலு. அப்படியும் நடக்கும்.

குருவின் பெயர் ஜெபமலர். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் நடுநிலைப் பள்ளிக்கு வந்துபோகும் பகுதிநேர ஓவிய ஆசிரியை. சீடர் மாசிலாமணி, மதில்சுவருக்கு அந்தப் பக்கம் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு வாத்தியார். தமிழிலிருந்து ஓவியம் வரைக்கும் எல்லாப் பாடமும் அவர் தலையில்தான். கணக்கில் அவர் புலி. ஓவியத்தைப் பற்றி நாம் பேசாமல் இருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நாலு பக்கப் பாடத்திட்டம் ஒன்றைக் கையில் பிடித்தபடி அவர் ஜெபமலர் முன்னால் வந்து நின்றார்.

"ஒரு பிள்ளை வரையுறதையே நிப்பாட்டிட்டு டீச்சர். மூணு வாரமாச்சு."

"யாரு சார்?"

"இசக்கிப்ரியா. கிளாஸ்லயே அவதான் நல்லா வரைவா. இப்ப நோட்டையே திறக்க மாட்டேங்கா. கேட்டா, 'வரைய வரல சார்'ங்கா."

"கடைசியா என்ன வரைஞ்சா?"

"அவங்கம்மாவ. மடியில சுளகை வச்சு, அதுல இலையைப் பரப்பிப் பீடி சுத்துத மாதிரி. அசந்துட்டேன் டீச்சர். எல்லாருக்கும் போடுததைவிடப் பெரிய டிக்காப் போட்டு, தேதி எழுதி, கையெழுத்தும் போட்டுக் குடுத்தேன். இதுக்கு மேல எப்படிப் பாராட்டுறது?"

"எதுல போட்டீங்க?"

"சிவப்புப் பேனாவுலதான்."

ஜெபமலர் பாடத்திட்டத்தை வாங்கி நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். அந்தப் பிள்ளையை மறுபடி வரையவைக்க இலை அச்சு, நூல் ஓவியம், களிமண் பொம்மை என்று பதினொரு செயல்பாடுகள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்றுகூடக் கணக்குப் போட்டிருந்தார் மனிதர்.

படித்து முடித்து ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு படம் போடுங்க சார்."

"நானா? எனக்கு வராதே."

"இன்னைக்குக் காலைல பாத்தது எதுன்னாலும் சரி."

மாசிலாமணிக்கு வியர்த்துவிட்டது. நாற்பது வருஷமாகப் படம் என்று அவர் போட்டதெல்லாம் முக்கோணமும் வட்டமும்தான். யோசித்து யோசித்து, தன் ஸ்கூட்டரை வரைந்தார். கைப்பிடி ஆட்டுக்கொம்பு மாதிரி வந்தது. சக்கரம் இரண்டும் இரண்டு அளவு.

"இது என்ன சார்?"

"இதுவா? சீட்டு கிழிஞ்ச இடம். இந்தக் கொக்கியிலதான் சாப்பாட்டுத் தூக்கை மாட்டுவேன். இந்த வண்டி வாங்கின அன்னைக்குத்தான் என் மக பிறந்தா, தெரியுமா டீச்சர்?" பேசப் பேச அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது.

கேட்டுக்கொண்டே ஜெபமலர் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

மாசிலாமணியின் கை பாய்ந்து படத்தை மூடிக்கொண்டது.

"பதிவேட்டுல கையெழுத்துப் போட எடுத்தேன் சார்."

பதிவேடு பக்கத்தில் திறந்துதான் கிடந்தது. ஆனாலும் அவர் கையை எடுக்க நேரமாயிற்று.

"அவங்கம்மா முகத்து மேலயே இழுத்துட்டேன் டீச்சர்" என்றார் மெதுவாக. "முகத்துல ஆரம்பிச்சுச் சுளகு வரைக்கும்." வெட்கம் பிடுங்கித் தின்றது. தன்னைவிட இருபது வயது சிறியவர் திட்டாமல் புரியவைத்தாரே என்று அந்த வெட்கத்தைவிடப் பெரிதாக நன்றியும் வந்தது.

"அப்ப இந்தத் திட்டத்தைக் கிழிச்சிரட்டுமா?"

"எதுக்கு? நல்ல திட்டம் சார். முதல் வரியா ஒண்ணு மட்டும் சேத்துக்கிடுங்க. வாத்தியாரும் உக்காந்து வரைவார்."

மறுநாள் ஓவிய வகுப்பில் மாசிலாமணி நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. முதலில் இசக்கிப்ரியாவைப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி, "உங்கம்மா படத்து மேல நான் கோடு இழுத்தது தப்புட்டி" என்றார். அவள் குனிந்துகொண்டாள். அவரும் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டரை வரைய ஆரம்பித்தார்.

பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்தார்கள். சிரிக்கத்தான் செய்வார்கள், படம் அப்படி. கொஞ்ச நேரம் கழித்து அவர் தோளுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"சார், ஸ்டாண்டு போடலியே. வண்டி விழுந்துரும்லா?"

இசக்கிப்ரியாதான். கையில் பென்சில் இருந்தது. முனை அவர் தாளுக்கு மேல் ஒரு விரல் உயரத்தில் அப்படியே நின்றது.

"நான் போடட்டுமா சார்?"

மாசிலாமணி தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "போடுட்டி" என்றார்.

ஸ்டாண்டைப் போட்டாள். "மண்ணுத் தரை சார், புதையும்" என்று சொல்லி அதற்கடியில் ஒரு கல்லையும் வைத்தாள். பிறகு தன் இடத்துக்குப் போய் ஓவிய நோட்டைத் திறந்து, புதுப் பக்கத்தில் சுளகிலிருந்து ஆரம்பித்தாள். மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஒரு கட்டுப் பனங்கிழங்கோடு ஜெபமலரைப் பார்க்க வந்தார்.

"இது என்ன சார்?"

"குருதட்சணைன்னு வச்சுக்கிடுங்க. பிள்ளை வரைஞ்சிட்டா டீச்சர். நீங்க நல்லா இருக்கணும்." கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். ஜெபமலர் பதறி எழுந்தார். அவரை உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டார்.

அவள் கேட்டுப் போட்ட ஸ்டாண்டையும் கல்லையும் சொல்லி முடித்த பிறகும் வாத்தியார் எழுந்து போகவில்லை. முப்பது வருஷத்து வாத்தியார் அல்லவா, சும்மா இருக்குமா மனசு?

"ஒரு சந்தேகம் டீச்சர். தப்பைப் பாத்தா என் கை தானாப் பேனாவுக்குப் போகுது. திருத்தாம வாத்தியாரா இருக்க முடியுமா? பிள்ளைங்க படத்துல நான் எப்பத்தான் கை வைக்கிறது?"

ஜெபமலர் ஒரு கிழங்கை உரித்து, பாதியை அவரிடம் நீட்டினார்.

"இசக்கிப்ரியா உங்க படத்துல எப்ப சார் கை வச்சா?"