தண்டபாணி சாரின் ரெண்டு இடது ஷூ

வெளிநாட்டு ஆஸ்பத்திரிக் கேஸ்களைப் படித்து, நோய்க்குத் தக்க கோட் நம்பர் போடுகிற கம்பெனி ஒன்று திருச்சியில் இருந்தது. அங்கே டீம் லீடர் தண்டபாணி, மூக்கைச் சொறியக்கூட ஆள் தேடுகிற மனுஷர். கம்ப்யூட்டர் அறைக்கு வெளியேதான் செருப்பைக் கழற்றணும். அவருடைய ஷூவை மட்டும் பயிற்சிக்கு வந்த பெண்கள் எடுத்து வந்து வைக்கணும்.

அந்தப் பெண்களில் ஒருத்தி கோகிலா. அவளுக்கு ஒரு கேஸ் வந்தது. கடும் பனியில் மாட்டிய ஒருவருக்குப் பாதச் சதையே செத்துப்போயிருந்தது. எந்தப் பாதமென்று டாக்டர் எழுதவில்லை. இடதுக்கு ஒரு நம்பர், வலதுக்கு வேறு நம்பர்.

"டாக்டர்கிட்ட கேட்டுடட்டுமா சார்?"

"கேட்டா நம்மள முட்டாள்னு நினைப்பான். எந்தக் காலா இருந்தா என்ன? வலதுன்னு போடு. தப்பாச்சுன்னா நீ வீட்டுக்குப் போயிடணும்."

மத்தியானம் முதலாளியம்மா வாசலில் வந்து நின்று தண்டபாணியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, என் ஷூ" என்றார் தண்டபாணி கோகிலாவிடம்.

கோகிலா அவருடைய இடது ஷூவையும் பக்கத்தில் வாட்ச்மேன் கழற்றி வைத்திருந்த இடது ஷூவையும் ஜோடியாக வைத்தாள். தண்டபாணி வலது காலைத் திணித்தார், முக்கினார், கடைசியில் நொண்டினார்.

"அறிவிருக்கா உனக்கு? ரெண்டும் இடது."

"எந்தக் காலா இருந்தா என்னன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. அந்தக் கேஸுக்கும் அப்படித்தானே போடச் சொன்னீங்க."

முதலாளியம்மா கேஸை வாங்கிப் படித்தார். "டாக்டருக்கு எழுதிக் கேளும்மா" என்றார்.

மறுநாள் பதில் வந்தது. செத்தது இடது பாதம்.

கோகிலா வேலையில் இருக்கிறாள். தண்டபாணி இப்போது தன் ஷூவைத் தானே எடுக்கிறார், திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் காலை விடுகிறார்.