வெளியே வந்த ஜமீன்தார்

ஆனைப்பாறை ஜமீன்தாருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இருந்த பணத்துக்கெல்லாம் படமும் சிலையும் வாங்கிக் குவித்தார். தஞ்சாவூர்ப் படத்தில் வெண்ணெய் தின்னும் கண்ணன், ஒரு காலைத் தூக்கி ஆடும் வெண்கலப் பெண், தும்பிக்கை உடைந்த கல்யானை, சீமையிலிருந்து ஆள் வரவழைத்து எழுதிக்கொண்ட தன் சொந்தப் படம். கண்ணை மூடுமுன் அரண்மனையோடு அத்தனையையும் ஊருக்கே கொடுத்துவிட்டார். அந்த ஓவியக்கூடம் வந்த கதை இதுதான். பார்க்க வேண்டிய இடம். பார்க்க விட்டால்.

காவலுக்கு மூன்று பேர்: ஒச்சப்பன், தவசி, வெள்ளைத்துரை. ஒச்சப்பன் மூத்தவர். யோசிக்கிற பொறுப்பு அவருடையது.

காப்பாட்சியர் மங்களாம்பிகை அம்மா ஒருமுறை, "படத்து மேல வெயில் படக்கூடாது" என்று சொல்லிவைத்தார். அன்றிலிருந்து மூவரும் கூடத்துக்குள்ளேயே குடை விரித்துப் படங்களுக்கு முன்னால் நின்றார்கள். வந்த ஜனங்கள் குடைகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு வரவில்லை.

ஆள் வராத கூடம் எதற்கு என்று மேலிடத்தில் நினைத்தார்கள். அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார், அவருக்குத் திருப்தி இல்லையென்றால் எல்லாம் லாரியில் ஏறிப் பட்டணம் போய்விடும் என்று தகவல் வந்தது. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கண்ணனைத் துடைத்துத் துடைத்தே தலை நரைத்தவர் அவர்.

அதிகாரி வரும் நாள் காலையில் கதவைத் திறந்துவிட்டு, படியில் நின்ற மூவரிடமும் அம்மா சொன்னார்: "ரயிலடிக்குப் போய் அவரைக் கூட்டிட்டு வர்றேன். டிக்கெட் இல்லாம ஒருத்தரும் உள்ள போகக்கூடாது. யாரா இருந்தாலும் சரி."

அம்மா ஏறிய ஆட்டோ போனது. வெள்ளைத்துரை உள்ளே காலெடுத்து வைத்தான். ஒச்சப்பன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"டிக்கெட் எங்கடா?"

"உள்ள மேசை மேல இருக்குண்ணே. நான்தானே கிழிச்சுக் கொடுக்கிறவன்."

"கொடுக்கிறவன் சரி. வாங்கினியா?"

"உள்ள போனாத்தானே வாங்க முடியும்?"

"வாங்கினாத்தானேடா உள்ள போக முடியும்?"

மூவரும் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

தவசி ஜன்னல் வழியாக மேசையை எட்டிப் பார்த்தான். "நாமதானே போகக்கூடாது? தொரட்டி போகலாமில்ல?"

ஒச்சப்பன் யோசித்தார். "தொரட்டிக்கு டிக்கெட் வேணும்னு அம்மா சொல்லல."

கொல்லையில் புளி பறிக்கிற தொரட்டி இருந்தது. அதை ஜன்னல் வழியாக நீட்டி, டிக்கெட் கட்டுக்காகத் துழாவினார்கள். கொக்கியில் ஏதோ மாட்டியது. "மெதுவா, மெதுவா" என்று இழுத்தார்கள். முதலில் தலைப்பாகை வந்தது. அடுத்து மீசை வந்தது. சுவரில் தொங்கிய ஜமீன்தார் சட்டத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஐயோ, வெயில்!" என்று கத்தினான் வெள்ளைத்துரை. ஒச்சப்பன் பதறிப்போய்க் கக்கத்தில் இருந்த குடையை விரித்து ஜமீன்தாருக்குப் பிடித்தார்.

அப்போதுதான் ஆட்டோ வந்து நின்றது. இறங்கிய அதிகாரி பரஞ்சோதி, குடைக்குக் கீழே இருந்த ஜமீன்தாரை உற்றுப் பார்த்தார். அம்மாவுக்கு லாரிச் சத்தமே கேட்டுவிட்டது.

"ஏம்ப்பா, கதவு திறந்து கிடக்கு, எல்லாரும் வெளிய நிக்கிறீங்க?" என்றார் அதிகாரி.

"டிக்கெட் இல்லைங்க ஐயா."

"நீங்க காவலாளிங்கதானே?"

"யாரா இருந்தாலும் சரின்னு அம்மா சொல்லிட்டாங்க."

"தள்ளு ஒச்சப்பா, நான் எடுத்துட்டு வர்றேன்" என்று அம்மா பல்லைக் கடித்தார்.

ஒச்சப்பன் வாசலில் கையை விரித்து நின்றார். "கோவிச்சுக்கக் கூடாதும்மா. யாரா இருந்தாலும்னா அதுல நீங்களும் வந்துட்டீங்க."

அம்மா அவர் கைக்குக் கீழே குனிந்து உள்ளே ஓடி, டிக்கெட் கட்டோடு திரும்பி வந்து, ஆளுக்கு ஒன்று கிழித்துக் கொடுத்தார், தனக்கும்தான். அதிகாரி காசு கொடுத்தே வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கண்ணனுக்கு முன்னால் நின்றார். கல்யானையைச் சுற்றி வந்தார். வாசலுக்குத் திரும்பியதும் சொன்னார்:

"நான் போற இடத்துலல்லாம் காவலாளியோட மச்சான், அவனுக்கு மச்சான் வரைக்கும் ஓசியில உள்ள இருப்பான். இங்க காவலாளியே வெளிய நிக்கிறான். இந்தக் கட்டுக்காவல் பட்டணத்துல கிடைக்காதும்மா. எல்லாம் இங்கயே இருக்கட்டும்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முதல்ல ஜமீன்தாரை உள்ள கொண்டுபோய் மாட்டுங்கப்பா."

ஒருவரும் அசையவில்லை.

"அவருக்கு டிக்கெட்?" என்றார் ஒச்சப்பன்.

அதிகாரி சிரித்துக்கொண்டே பணப்பையை எடுத்தார். "அவருக்கும் நானே வாங்கித் தர்றேன். ஒண்ணு கொடு."

வெள்ளைத்துரை டிக்கெட்டைக் கிழிக்கப் போனவன், நிறுத்தி, படத்தை மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் பார்த்தான்.

"முழு டிக்கெட் வேணாங்க ஐயா. இடுப்புக்கு மேலதானே உள்ள வர்றாரு. அரை டிக்கெட் போதும்."