கொட்டிலில் சொட்டு நீலம்

இருபது மாடு கட்டுகிற கொட்டில் அது. மடத்துக்கு நேர்ந்துகொண்டவர்கள் ஆளுக்கொன்றாக விட்டுப்போக, இப்போது அறுபது நெருக்கியடித்து நின்றன.

தை மாதம் ஒரு கன்றுக்குக் கழிச்சல் கண்டது. பங்குனிக்குள் ஒன்பது கன்றுகள் போய்ச் சேர்ந்தன. ஒன்பதுக்கும் குழி வெட்டியவர், கொட்டிலைப் பார்த்துக்கொள்ளும் சீடர் தாண்டவராயர். ஐம்பது வயது, முதுகு விட்டுப்போயிருந்தது.

பத்தாவதாகச் செவலைக் கன்று படுத்த அன்று, குருவின் முன்னால் வந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்னால ஆகல சாமி."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"குடல்ல கிருமியாம். சாணத்தோட வெளிய வந்து அடுத்த மாட்டு வாய்க்குள்ள போகுதாம். பெரிய மாடு தாங்கிக்கும், கன்னு தாங்காதாம். சீக்குக் கன்னைத் தனியா கட்டிட்டேன். ஒரு மாசமா வெளியாள் யாரையும் விடல. அப்புறமும் பரவுதே, யார்தான் கொண்டுபோறா?"

குரு எழுந்து உள்ளே போனார். வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தை எடுத்துவந்து செவலையின் வாலடியில் தாராளமாகத் தடவினார். பிறகு சோப்பு போட்டு வெகுநேரம் கை கழுவினார்.

"நீ எப்பவும்போல வேலையைப் பார்."

தாண்டவராயருக்கு ஒரு வழக்கம். மாடோ கன்றோ, பின்புறத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். லட்சுமி குடியிருக்கும் இடமாயிற்றே. பிறகு அதே கையால் ஒரு பிடி அகத்திக்கீரை ஊட்டுவார். நோவு கண்டது பாவம் என்று முதலில் செவலையிடம் போவார். அங்கிருந்து வரிசையாக மற்றவற்றிடம். கையில் நீலம் ஒட்டியதை அவர் கண்டுகொள்ளவில்லை. சாணியில் ஊறிய கைக்கு அது ஒரு பொருட்டா?

மதியம் குரு அவரைக் கொட்டிலுக்குள் அழைத்துப்போனார். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் நீலம். துள்ளிக்கொண்டிருந்த மூன்று கன்றுகளின் உதட்டில் நீலம். குரு ஒரு வாளித் தண்ணீரைக் காட்டினார். தாண்டவராயர் குனிந்து பார்த்தார். தன் இரண்டு இமையிலும் நீலம்.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, ஒன்பதையும் நானா கொன்னேன்? என்னை அனுப்பிடுங்க சாமி."

"அனுப்பிட்டு யாரை வைக்கிறது? எனக்கும் முடியல. நாளையிலிருந்து சோப்பு போட்டுக் கை கழுவிட்டு, நல்லா இருக்கிறதை முதல்ல பார். செவலைகிட்ட கடைசியா போ."

"கடைசியாவா? அதுவரைக்கும் என்னைத் தேடிக் கத்துமே!"

"கத்தட்டும். கடைசியா போனா, அதை விட்டு எழுந்து நீ வேற எங்கயும் போக வேண்டியதில்ல."