தங்கப்பழத்தின் வலது கால்

மேட்டுப்பனையூர் தங்கப்பழமும் அவர் தம்பிமார் மூவரும் மகா கெட்டிக்காரர்கள். இதை அவர்களே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அப்பா விட்டுப்போன ஒரே ஒரு பழைய காரை அடிதடி இல்லாமல் பங்கு பிரித்துக்கொண்டவர்கள் அல்லவா! ஆளுக்கு ஒரு சக்கரம். முன்சக்கரம் இரண்டும் மூத்தவர் தங்கப்பழத்துக்கும் அடுத்தவர் சீனிவாசகத்துக்கும், பின்சக்கரம் இரண்டும் உலகநாதனுக்கும் கடைக்குட்டி சொரிமுத்துவுக்கும். ஒருவர் சக்கரத்தை இன்னொருவர் தொடக்கூடாது.

தங்கை கோமதியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் என்று முடிவானது. பிரேக் கட்டை தேய்ந்திருந்தது. மெக்கானிக்குக் கொடுப்பானேன் என்று அவர்களே ஆளுக்கொரு சக்கரத்தைக் கழற்றி, பிரேக் குழாயையும் பிடுங்கித் துடைத்து, புதுக்கட்டை மாட்டினார்கள். ஊர்வலம் புறப்படுவது மேட்டு உச்சியில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் இருந்து. அதனால் வேலையும் அந்த வாசலிலேயே நடந்தது.

அழைப்பு அன்று காலையில் தங்கப்பழம் பெடலை மிதித்துப் பார்த்தார். இட்லி மாவுக்குள் காலை விட்டதுபோல் பொதக்கென்று அடிவரை போனது.

கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, ஆறு மணிக்கு மேல நல்ல நேரம் இல்லையாம். அதுக்குள்ள அவரு மண்டபத்துக்கு வந்திரணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அண்ணன்மார் நால்வருக்கும் தங்கை என்றால் உயிர். அவர்களும் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு மெக்கானிக் பாலையாவுக்குப் போன் போட்டார்கள். அவர் குலதெய்வக் கோயில் கொடைத் திருவிழாவுக்காகத் தெற்கே சொந்த ஊருக்குப் போயிருந்தார்.

"காத்து புகுந்திருக்கு அண்ணாச்சி. காத்தை எடுத்தாச் சரியாயிரும்" என்றார், மேளச் சத்தத்துக்கு நடுவே.

நால்வரும் அவரவர் டயரில் இருந்த காற்றைப் பிடுங்கினார்கள். கார் ஒரு சாண் இறங்கியது. பெடல் மாறவில்லை.

"டிக்கியில கொஞ்சம் தங்கியிருக்கும்" என்றான் சொரிமுத்து. டிக்கியைத் திறந்து முறத்தால் விசிறினார்கள்.

"ஏல, விசிறினா காத்து போகுமா, வருமா?" என்று கேட்டார் சீனிவாசகம். இதைப் பேசி முடிக்க அரைமணி நேரம் ஆனது.

மறுபடியும் போன். விவரத்தைக் கேட்ட பாலையா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனிலேயே கேட்டது. பிறகு சொன்னார்: "முதல்ல டயருக்குக் காத்தடிங்க. நான் சொன்ன காத்து பிரேக் ஆயில் குழாய்க்குள்ள இருக்கு. ஒருத்தர் பெடலை மிதிச்சுப் பிடிக்கணும், ஒருத்தர் வீலுக்குப் பின்னாடி இருக்க சின்ன நட்டைத் திறக்கணும். குமிழி வரும். நட்டை மூடின பெறகுதான் காலை எடுக்கணும். தூரத்து வீல்ல ஆரம்பிங்க. தங்கப்பழம் அண்ணாச்சி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன். நான் சொல்லாம பெடல்ல காலை வைக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது."

"தூரம்னா, எங்க இருந்து தூரம்?" என்றார் உலகநாதன்.

"சொன்னது பாலையா. அப்போ பாலையாகிட்ட இருந்துதான்" என்று தீர்ப்புச் சொன்னார் தங்கப்பழம்.

பாலையா இருப்பது தெற்கே. காரும் தெற்கு பார்த்து நின்றதால் பின்சக்கரக்காரர்கள் இருவரும் மார்தட்டினார்கள். முன்சக்கரக்காரன் என்றால் இளப்பமா என்று சீனிவாசகம் கோபித்துக்கொண்டார். காரை வடக்கே திருப்பினார்கள். பின்சக்கரங்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டன. ஆகவே மறுபடி திருப்பினார்கள். நாலாவது தடவை கார் முதலில் நின்றபடியே தெற்கு பார்த்து நின்றது. எல்லாருக்கும் திருப்தி.

டயர்களுக்குக் காற்றடித்த பிறகு பாலையா போனிலேயே "மிதிங்க, திறங்க, மூடுங்க, எடுங்க" என்று சாயங்காலம் வரை கத்தினார். அந்த மனிதனின் பொறுமைக்குக் கோயில் கட்டலாம். கடைசியாக "மிதிங்க" என்றபோது பெடல் கல்லு மாதிரி நின்றது. மாப்பிள்ளை ஆறுமுகநயினார் மாலையும் கழுத்துமாகப் பின்சீட்டின் நடுவில் ஏறி உட்கார்ந்தார். அவருக்கு இருபுறமும் பின்சக்கரக்காரர்கள், முன்சீட்டில் தங்கப்பழத்துக்குப் பக்கத்தில் சீனிவாசகம்.

"காலை எடுக்கட்டுமா பாலையா?"

"எடுங்க, கிளம்புங்க! சாமி வார நேரம்" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

தங்கப்பழம் காலை எடுத்தார். கார் இறக்கத்தில் உருளத் தொடங்கியது. முன்னால் போன நாதஸ்வரக்காரர்கள் ஓடையில் குதித்துத் தப்பித்தார்கள். பாதி இறக்கத்தில் கல்யாண மண்டபம் வந்தது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள், மாடி ஜன்னலில் கோமதி நின்றாள். கார் மட்டும் நிற்கவில்லை.

"மச்சான், பிரேக் பிடிக்கலையா?" என்று அலறினார் மாப்பிள்ளை.

தங்கப்பழத்துக்கு மனசு வலித்தது. "என்ன மாப்ள, இப்படிக் கேட்டுட்டீக? பிரேக் கல்லு மாதிரி இருக்கு. மிதிக்கச் சொல்லி உத்தரவு வரணும்லா?"

"என் வீலும் நிக்கத் தயாரா இருக்கு" என்றார் உலகநாதன். மற்ற இருவரும் தங்கள் சக்கரத்துக்கும் அதே உறுதியைக் கொடுத்தார்கள்.

சீனிவாசகம் போனை அழுத்தினார். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. இறக்கம் முடியும் இடத்தில் ஊர்க்குளம், கரை முட்டத் தண்ணீர். கரைக்குப் பத்தடி இருக்கும்போது பாலையா எடுத்தார்.

"பாலையா, பிரேக்கை இப்போ மிதிக்கலாமா?"

"மிதிங்கய்யா!"

மிதித்தார். கார் கரை விளிம்பில் அறைந்தாற்போல் நின்றது.

"நான் வந்து பார்க்கிற வரைக்கும் அந்தக் காலை எடுத்திராதீக!" என்றது போன்.

மாப்பிள்ளை, பக்கத்தில் இருந்த சொரிமுத்துவின் மேல் ஏறிக் குதித்து, மேட்டில் ஓடி, ஆறு மணிக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது மண்டபத்தில் நுழைந்தார். கோமதி ஒரே நேரத்தில் அழுதாள், சிரித்தாள்.

கொடை முடிந்து பாலையா திரும்ப மூன்று நாள் இருந்தது. தம்பிமாரும் தங்கள் சக்கரத்தை விட்டு அசையவில்லை. அண்ணன்மார் ஆசீர்வாதம் இல்லாமல் எப்படி என்று, மறுநாள் தாலி கட்டிய கையோடு மணமக்கள் குளக்கரைக்கே வந்தார்கள். காலில் விழக் குனிந்தார்கள்.

தங்கப்பழம் கதவைத் திறந்து, உடம்பைத் திருகி, சிரமப்பட்டு இடது காலை மட்டும் வெளியே நீட்டினார்.

"இதுல விழுங்க மாப்ள. வலது கால் டியூட்டியில இருக்கு."