அஞ்சாவது விஷயம்

குருவுக்கு நாற்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. சிரிக்காதீர்கள். முப்பது வருஷம் ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் பழுது பார்த்துவிட்டு, கடையை மூடிய பிறகு கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர் ஆவுடையப்பன். கற்றுத் தந்தவர் ரம்லா, கீழக்கரைக்காரர். தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம் ஒரு மாடி அறையும் நாலு கம்ப்யூட்டரும்தான் அவர்களுடைய ஆசிரமம்.

வேலை இதுதான். விசைப்படகில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். படகுக்காரர் அதில் சேதி தட்டினால் கரையிலுள்ள கம்ப்யூட்டருக்கு வரும். வருவது குழாய்த் தண்ணீர் மாதிரி ஒரே ஒழுக்காக வரும். ஒரு சேதி எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று யாரும் நடுவில் கோடு கிழித்து அனுப்புவதில்லை. அதை வெட்டிப் பிரிக்கிற புரோகிராமை ஆவுடையப்பன் எழுதியிருந்தார். பெட்டியை மேசைமேல் வைத்துப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. மறுநாள் நாற்பது படகில் ஏற்றுவதாக ஏற்பாடு.

வெள்ளோட்டத்துக்குப் போன ஒரே படகு கஸ்பாருடையது. அன்று மத்தியானம் அவர் மாடியேறி வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எம் மச்சான் கை வலை இழுக்கிற வின்ச்சுல மாட்டிக்கிட்டுது. டாக்டர கூட்டிக்கிட்டு கரையில நில்லுங்கன்னு சொன்னேம்லா? ஏன் ஒரு ஆளும் வரல?"

ஆவுடையப்பன் திரையைத் திருப்பிக் காட்டினார். 'டீசல் இருக்கு. ஐஸ் இருக்கு. மீன் பரவாயில்ல.' அவ்வளவுதான் இருந்தது. பக்கத்தில் எல்லாம் நலம் என்று பச்சை விளக்கு வேறு.

"அதோட சேத்துத்தான எல்லாத்தையும் அடிச்சேன்! விரல் தப்பிச்சது மாதா புண்ணியம். நீங்க பச்சை விளக்கப் பாத்துக்கிட்டே இருங்க."

கஸ்பார் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய்விட்டார். ஆவுடையப்பனுக்கு முகமே செத்துப்போயிற்று. பேசாமல் பல்பு விற்கப் போயிருக்கலாம், இந்த வயசில் இதெல்லாம் நமக்குத் தேவையா என்று நொந்துகொண்டார். ரம்லா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

"எப்படி வெட்டினீங்க அண்ணாச்சி?"

"அரை செகண்டு ஒண்ணும் வரலேன்னா பேச்சு முடிஞ்சதுன்னு எடுத்துக்கிட்டேன் மேடம். கடல்ல சிக்னல் தேஞ்சு, பாதி வந்து நின்னு, மீதி அப்புறமா வந்திருக்கு. பின்னால வந்ததுல படகு பேர் இல்ல. அதனால புரோகிராம் அதைக் குப்பைன்னு தள்ளிட்டுது."

"ஆரம்பத்துல என்னென்ன வருது?"

"படகு பேர் வருது. அடுத்தாப்ல ஒரு நம்பர் வருது. எதுக்குன்னு புரியல. அதையும் குப்பையில தள்ளிட்டேன்."

ரம்லா தலையை மட்டும் ஆட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மேடம். அரை செகண்டு பத்தல, சரி. ஒரு செகண்டா, ரெண்டா, பத்தா? எவ்வளவு நேரம் சத்தமில்லாம இருந்தா பேச்சு முடிஞ்சதுன்னு வச்சுக்கலாம்?"

ரம்லா கீழே இரண்டு டீ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க டேப் ரிக்கார்டர் பார்த்தவர். கேசட்டுல பேசி அனுப்புவாங்களே, தெரியும்தானே?"

தெரியாமலா! ஆவுடையப்பன் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. துபாயிலிருந்தும் ஜித்தாவிலிருந்தும் வந்த கேசட்டுகள் ரீல் சிக்கிக்கொண்டு எத்தனை வந்திருக்கும் அவர் கடைக்கு! பென்சிலைச் செருகிச் சுற்றி, அறுந்த இடத்தை ஒட்டி, ஓடுகிறதா என்று ஒரு வரி மட்டும் போட்டுப் பார்த்து நிறுத்திவிடுவார். அடுத்தவர் வீட்டுப் பேச்சல்லவா? கடை வாசலில் நிற்கிற பெண்கள் அந்த ஒரு வரிக்கே அழுதுவிடுவார்கள். அதெல்லாம் ஒரு காலம்.

"எங்க வாப்பா ஷார்ஜாவுல கடையில நின்னார்," என்றார் ரம்லா. "எனக்கு அப்போ பத்து வயசு. கேசட் வந்தா உம்மா கதவைச் சாத்திட்டு, எங்க மூணு பேரையும் சுத்தி உட்கார வச்சு பட்டனை அமுக்குவா. வாப்பா சலாம் சொல்லுவார். உடனே, இன்னைக்கு மூணு விஷயம், இன்னைக்கு ஆறு விஷயம்னு எண்ணிக்கை சொல்லிடுவார். கடைக்காரப் புத்தி. நாங்க சிரிப்போம்."

"பிள்ளைங்க சிரிக்கத்தானே செய்யும்."

"ஒரு தடவை அஞ்சு விஷயம்னார். கூரைக்கு ஓடு மாத்தச் சொன்னார். தம்பியை மதரஸாவுல ஓதப் போடச் சொன்னார். மாமி கால்வலிக்குத் தைலம் வருதுன்னார். என்னைக் கணக்கு நல்லாப் படிக்கச் சொன்னார். அப்புறம் பேச்சு இல்ல. ரீல் ஓடற சத்தம்தான். முடிஞ்சுபோச்சுன்னு உம்மா பட்டனைத் தட்டிட்டா. எங்க நாலு பேருக்கும் எண்ணத் தெரியும். ஒருத்தரும் எண்ணல."

"அப்புறம் போட்டுக் கேட்டிருப்பீங்களே?"

"அதே கேசட்டுல பதில் பேசி அனுப்பறது எங்க வீட்டு வழக்கம்."

ஆவுடையப்பன் துள்ளி நிமிர்ந்தார். "அய்யய்யோ! மேல பேசினா அடியில உள்ளது அழிஞ்சிருமே!"

"அழிஞ்சுது. நாலு விஷயத்துக்கும் அருமையாப் பதில் சொன்னோம். கடைசியில நான் பேசினேன். அடுத்த தடவை வரும்போது வாசனை ரப்பர் வாங்கிட்டு வாங்க வாப்பான்னு சொன்னேன். வாங்கிட்டு வந்தார். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க வருவார், ஒரு மாசம் இருப்பார், போயிடுவார். ஒவ்வொரு தடவையும் ரப்பர் வரும். பெட்டியைத் திறந்தா சோப்பும் ரப்பருமா கலந்து ஒரு வாசனை அடிக்கும் பாருங்க, எனக்கு இன்னைக்கும் அதுதான் வாப்பா."

"அஞ்சாவதைப் பத்தி அவரா ஒண்ணும் கேக்கலையா?"

"பதினாலு வருஷம் கழிச்சு, வேலையை விட்டுட்டு வந்த அன்னைக்குக் கேட்டார். பெட்டியில அந்தக் கேசட் இருந்தது. உம்மா சோறு போட்டுக்கிட்டு இருந்தா. 'நாலுக்கும் பதில் சொன்னீங்க. அஞ்சாவதுக்கு மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கல. சரி, வேண்டாங்கிறீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன்'னார். கோபமாக்கூட இல்ல. உம்மா கரண்டியைக் கீழ வச்சுட்டு, 'எது அஞ்சாவது?'ன்னு கேட்டா."

ஆவுடையப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"'இங்க என்னால முடியல. ஊருக்கே வந்துடவா? வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, அடுத்த பிளைட்டுல ஏறிடுறேன்.' அதுதான் அஞ்சாவது. சொல்ல வாயெடுத்தவருக்குத் தொண்டை அடைச்சிருக்கு. கொஞ்சம் பொறுத்து, அப்புறம்தான் சொல்லியிருக்கார்."

ஆவுடையப்பன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, கஸ்பாரின் சேதிக்கு முன்னால் வந்த நம்பரைக் குப்பையிலிருந்து தேடி எடுத்தார். எண்பத்தாறு. திரையில் இருந்த எழுத்தை, புள்ளியும் இடைவெளியும் சேர்த்து, விரல் வைத்து எண்ணினார். இருபத்தொன்பதுதான் இருந்தது. மறுபடியும் எண்ணினார். பிறகு அரை செகண்டு என்று எழுதியிருந்த வரியை அழித்தார்.

"நாளைக்கு எந்தப் படகுலயும் ஏத்த வேண்டாம் மேடம். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயி கஸ்பாரைப் பாத்துட்டு வாரேன்."

"போயிட்டு வாங்க அண்ணாச்சி."

செருப்பை மாட்டியவர் படியில் நின்றார். முப்பது வருஷம் டேப் ரிக்கார்டரோடு இருந்த மனிதர், கேட்காமல் இறங்க முடியவில்லை.

"மேடம், அந்தக் கேசட்டுல வாப்பா எவ்வளவு நேரம் பேசாம இருந்திருப்பார்?"

"நானும் கேட்டேன்," என்றார் ரம்லா. "'கண்ணைத் துடைக்கிற நேரம்தாம்மா'ன்னார்."