கருவாட்டுக்குத் தடை

தையல் கம்பெனி மேனேஜர் திருவேங்கடத்துக்கு மூக்குக்கு மேல் கோபம். "மத்தியானச் சோத்துக்குக் கருவாடு கொண்டு வந்தா வேலை கிடையாது!" என்று உத்தரவு போட்டார். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத தையல்காரி சீனியம்மாளோ, "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியே மணத்தது. பாய்ந்து வந்த மேனேஜர் சீனியம்மாளின் தூக்குவாளியைத் திறந்தார். தயிர்ச்சோறுதான் இருந்தது.

"அப்ப யாருன்னு கண்டுபிடி. இல்லன்னா நீதான் வீட்டுக்குப் போகணும்!"

அவள் மோப்பம் பிடித்தபடி நடக்க, எல்லாரும் பின்னாலேயே போனார்கள். நேரே மேனேஜர் அறை. மேஜைமேல் அவருடைய டிபன் கேரியரிலிருந்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வழிந்துகொண்டிருந்தது.

"இனி எனக்கு எதுக்குன்னு, வீட்ல இருந்த கருவாட்டையெல்லாம் நேத்து உங்க வீட்டம்மாகிட்டக் குடுத்தேன் சார். 'அவருக்கு இதுன்னா உசுரு'ன்னு வாங்கிக்கிட்டாங்க. எப்ப சார் வீட்டுக்குக் கிளம்புறீங்க?"